ஜூரியிடம் நீதிபதி சொன்னவை

ஜூரி வைத்து நடந்த வழக்குகளில், சாட்சி விசாரணையும் வக்கீல்களின் வாதமும் முடிந்த பிறகு ஒரு கட்டம் உண்டு. நீதிபதி ஜூரர்களின் பக்கம் திரும்பிப் பேசுவார். இரு தரப்புச் சாட்சியங்களையும் சுருக்கிச் சொல்வார். எவற்றைக் கணக்கில் எடுக்கலாம், எவற்றை எடுக்கக்கூடாது, சந்தேகம் எழுந்தால் அதன் பலன் யாருக்கு என்பதையெல்லாம் விளக்குவார். அதன் பிறகே ஜூரர்கள் தனி அறைக்குப் போவார்கள். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு இதை நீதிபதியின் கடமையாக விதித்திருந்தது. ஒரு மணி நேரம், சில வழக்குகளில் நாள் முழுவதும் நீண்ட இந்தத் தொகுப்புரையில்தான் சாட்சியத்தை எடைபோடும் கலை வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஜூரி முறை இந்தியாவில் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த அறிவுரைகள் மறையவில்லை, கேட்பவர்தான் மாறிவிட்டார்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பும் தமிழ்நாட்டில் ஊரார் கூடி வழக்குக் கேட்டார்கள். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரிய புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்த வழக்கு ஒன்றை விரிவாகச் சொல்கிறார். சுந்தரரைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடி வந்த முதியவரிடம் சபையார் கேட்கும் சான்றுகள் மூன்று வகை: வழக்கமாக நடந்துவரும் அனுபவம், எழுத்து ஆவணம், அக்கம்பக்கத்தார் சாட்சி. முதியவர் மூல ஓலையைக் காட்டியதும், அது சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துத்தானா என்று பழைய ஓலை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். புராணக் கதைதான், ஆனாலும் 12ஆம் நூற்றாண்டு வாசகருக்கு அந்த விசாரணை முறை விளங்கியிருக்க வேண்டும். அந்தச் சபைக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. சபையில் உட்கார்ந்தவர்கள் அறிந்தவர்கள் என்ற எண்ணமே அதன் அடிப்படை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் இதே எண்ணத்தைக் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்த இரண்டு கல்வெட்டுகளும், ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியானவர் யார் என்று நுணுக்கமாகச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வயது, இரண்டாவதில் 35 முதல் 70. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டார்கள். அவ்வளவு சலித்தெடுத்த பிறகுதான் குடத்திலிருந்து சிறுவன் ஓலை எடுத்தான். ஆயிரம் ஆண்டு கழித்து வந்த ஆங்கிலேயச் சட்டத்திலும் சீட்டு உண்டு: சம்மன் அனுப்பி வரவழைத்தவர்களிலிருந்து ஜூரர்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டும் என்றது 276ஆம் பிரிவு. ஆனால் சலிப்பு மிகக் குறைவு. 21 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆண்கள் என்பதே பொதுத் தகுதி. தகுதியில் விட்ட இடத்தை அறிவுரையால் நிரப்பப் பார்த்தது அந்தச் சட்டம். பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அவர்கள் சொன்னதை நம்பலாமா என்று ஆண்கள் மட்டுமே முடிவு செய்தார்கள்.

அறிவுரை இல்லாத ஜூரி என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணின் முதல் ஜூரி வழக்கே சான்று. 1665இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற பெண்மீது குற்றம் சாட்டப்பட்டது. கம்பெனியின் கோட்டைத் தலைவர் ஃபாக்ஸ்கிராஃப்ட் கவர்னர் என்ற நிலையில் விசாரித்தார். ஜூரி வெளியே வந்து, கொலைக்குற்றம் உண்மை, ஆனால் குற்றப்பத்திரிகையில் சொன்ன விதத்தில் அல்ல என்றது. அந்த விடையை என்ன செய்வதென்று மன்றத்துக்கே விளங்கவில்லை. திரும்பப் போய் யோசிக்கச் சொன்னதும், குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டார்கள். மன்றத்தில் சட்டம் படித்தவர் ஒருவரும் இல்லை. சட்டம் தெரிந்த ஆளின் உதவி வேண்டும் என்று கோட்டையிலிருந்து கம்பெனிக்கு எழுதினார்கள். குற்றம் என்பதற்கு எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாதபோது, பன்னிரண்டு பேர் கூடினாலும் தீர்ப்பு தடுமாறத்தான் செய்யும்.

அதன்பின் சென்னையில் 1726இன் சாசனப்படி மேயர் கோர்ட்டும், 1798இல் ரெக்கார்டர் கோர்ட்டும், 1801இல் சுப்ரீம் கோர்ட்டும், 1862இல் ஐகோர்ட்டும் வந்தன. ஜூரியில் இந்தியர் உட்காரலாம் என்று 1826இன் சட்டம் அனுமதித்தது. ஆனால் கிறிஸ்தவர்மீதான வழக்கில் இந்துவோ முஸ்லிமோ உட்காரக்கூடாது. ராம்மோகன் ராய் போன்றோர் எதிர்த்தனர். 1832இல் அந்தத் தடை நீங்கியது. நகரங்களுக்கு வெளியே ஜூரி வந்தது 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு. அதுவும் அரசு அறிவித்த ஜில்லாக்களில், அறிவித்த குற்றங்களுக்கு மட்டும். சென்னை மாகாணத்தில் அது பெரும்பாலும் திருட்டு, கொள்ளை முதலிய சொத்துக் குற்றங்களோடு நின்றது. மற்ற பெரிய வழக்குகளில் ஜூரிக்குப் பதில் அசெசர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம். ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் இஷ்டம். ஆக, பட்டணத்தில் கொலை வழக்கை ஒன்பது ஜூரர்கள் தீர்மானித்த அதே காலத்தில், தென்னேரிக் கிராமத்தில் நடந்த கொலைக்குச் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் அந்த உரிமை கிடைத்திருக்காது. உயிர் போகும் வழக்கைவிட மாடு போன வழக்கில் ஊராரை நம்பியது சர்க்கார்.

மாடு போன வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். தென்னேரி ஏரிக்கரையில் கட்டியிருந்த உழவு மாடு ஒன்று இரவில் காணாமல் போகிறது. நான்காம் நாள் வேறு ஊர்ச் சந்தையில் ஒருவர் கையில் அகப்படுகிறது. இன்னும் இருவர் பிடிபடுகிறார்கள். அவர்களில் ஒருவர் மன்னிப்புப் பெற்று, அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லும் அப்ரூவராகிறார் என்று வைத்துக்கொண்டால், ஜூரி வழக்கில் நீதிபதி பேச வேண்டிய விஷயங்கள் அநேகமாக எல்லாமே அதில் அடங்கிவிடும்.

முதலில் வேலைப் பங்கீடு. சட்டம் என்ன, எந்தச் சாட்சியம் செல்லும் என்பது நீதிபதியின் பொறுப்பு; எது நடந்தது என்பது ஜூரியின் பொறுப்பு. 298, 299ஆம் பிரிவுகள் இந்தக் கோட்டைக் கிழித்தன. சங்கதி பற்றி நீதிபதி தன் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். ஆனால் அது ஜூரியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னாக வேண்டும். இந்த அனுமதி ஆபத்தானது என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு சாட்சியின் பெயரைச் சொல்லும்போது குரல் சற்று இறங்கினாலே போதும், எதிரே உட்கார்ந்திருக்கும் மளிகை வியாபாரிக்கும் மிராசுதாருக்கும் துரை என்ன நினைக்கிறார் என்று புரிந்துவிடும். எழுத்தில் பதிவாகும் குறிப்பில் அந்தக் குரல் இருக்காது.

அடுத்தது நிரூபணத்தின் அளவு. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872இன் சாட்சியச் சட்டம் கணித உறுதியைக் கேட்கவில்லை. விவேகமுள்ள ஒருவர் தன் காரியத்தில் நம்பிச் செயல்படும் அளவுக்கு ஒரு சங்கதி நடந்திருக்கலாம் என்று தோன்றினால் அது நிரூபணமானது என்றது மூன்றாம் பிரிவு. குற்ற வழக்கில் இதோடு இன்னொன்றும் சேரும்: குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில், நியாயமான சந்தேகம் எழுந்தால் பலன் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு. லண்டனில் 1935இல் வுல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை இதை அழுத்திச் சொன்ன பிறகு, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மன்றங்களிலெல்லாம் தொகுப்புரையின் முதல் வாசகமே இதுவாயிற்று. சந்தேகம் என்றால் மனக்குழப்பம் அல்ல, சாட்சியத்திலிருந்து எழும் காரணமுள்ள சந்தேகம் என்று விளக்குவதும் நீதிபதியின் பாடு.

மாட்டின் சொந்தக்காரரும் அவர் தம்பியும் மட்டுமே திருடனைப் பார்த்ததாகச் சொன்னால்? இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. 134ஆம் பிரிவு எண்ணிக்கையை அறவே தள்ளியது. உறவினர் என்பதாலேயே பொய் சொல்வார் என்றும் கொள்ளக்கூடாது. ஒரு சாட்சி ஓரிடத்தில் பொய் சொன்னது தெரிந்தால் அவர் சொன்ன எல்லாவற்றையும் தள்ள வேண்டும் என்ற பழைய ஐரோப்பிய விதியை இந்திய மன்றங்கள் ஏற்கவில்லை. உமியை ஊதி அரிசியை எடுக்கச் சொன்னார்கள். கிராமத்து வழக்குகளில் இது அவசியமாக இருந்தது. உண்மையான சம்பவத்தோடு பழைய பகையாளி ஒருவர் பெயரையும் சேர்த்துவிடுவது எந்த ஊருக்கும் புதிதல்ல.

சந்தையில் மாட்டோடு அகப்பட்டவர் விஷயத்தில் 114ஆம் பிரிவின் முதல் உதாரணம் வருகிறது. களவு போன பொருள் சீக்கிரமே ஒருவரிடம் இருந்து, அவர் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடினவர் அல்லது திருட்டு என்று தெரிந்து வாங்கினவர் என்று மன்றம் ஊகிக்கலாம். ‘ஊகிக்கலாம்’ என்பதை ‘ஊகிக்க வேண்டும்’ என்று நீதிபதி சொல்லிவிட்டால் அது தவறான அறிவுரை. நான்கு நாள் என்பது சீக்கிரமா, எதிரி சொன்ன கணக்கு நம்பத்தக்கதா என்பதெல்லாம் ஜூரியின் முடிவு.

போலீஸ் காவலில் எதிரி சொன்னதுதான் மிகக் கஷ்டமான பகுதி. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 25ஆம் பிரிவு. ஆனால் எதிரி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரே தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் 27ஆம் பிரிவின்படி உள்ளே வரலாம். மாடு இன்னும் அகப்படவில்லை என்று வைத்துக்கொண்டால், ‘மாட்டைத் தோப்பில் கட்டியிருக்கிறேன்’ வரலாம். ‘நான்தான் அவிழ்த்து வந்தேன்’ வரக்கூடாது. சட்டம் படித்தவர்களே தடுமாறும் இந்தக் கோட்டை, அன்று காலை சம்மனுக்கு வந்த ஜூரர்களிடம் சொல்லி, சாட்சி வாய்தவறிச் சொன்ன பாதியை மறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். காதில் விழுந்ததை மறக்கச் சொல்வது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைச் சட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அப்ரூவர். இரண்டு பிரிவுகள் இங்கே எதிரும் புதிருமாக நின்றன. கூட்டாளியின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் இல்லை என்பதாலேயே தண்டனை சட்டவிரோதமாகாது என்றது 133ஆம் பிரிவு. முக்கியமான அம்சங்களில் வேறு சாட்சியம் தாங்கினாலொழியக் கூட்டாளி நம்பத்தகாதவர் என்று ஊகிக்கலாம் என்றது 114இன் இன்னொரு உதாரணம். இரண்டையும் சேர்த்து வாசித்து நீதிபதிகள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள்: சட்டப்படி நீங்கள் நம்பலாம், ஆனால் நம்புவது ஆபத்து என்று ஜூரியை எச்சரித்தாக வேண்டும். எச்சரிக்காவிட்டால் தீர்ப்பு நிற்காது. அந்த ஆதாரமும், குற்றம் நடந்ததை மட்டும் காட்டினால் போதாது. ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியே குற்றத்தோடு இணைக்க வேண்டும். மாடு களவு போனது உண்மை என்பதால் மூன்றாமவரும் வந்தார் என்று ஆகிவிடாது.

மாட்டு வழக்கில் இடமில்லாத மரண வாக்குமூலத்தில் சென்னை ஐகோர்ட்டின் பங்கு தனியே சொல்லத் தக்கது. சாகப்போகிறோம் என்று அறிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்பது ஆங்கிலேயக் கொள்கை. இந்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அந்த அறிவு இருந்திருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால், வேறு ஆதாரம் இல்லாமல் அதை நம்பக்கூடாது என்று சில நீதிபதிகள் சொல்லிவந்தார்கள். குருசாமித் தேவர் வழக்கில் சென்னை ஐகோர்ட்டின் முழு அமர்வு, அப்படிக் கட்டாய விதி எதுவும் இல்லை, சூழ்நிலையைப் பொறுத்து அதையே நம்பித் தண்டிக்கலாம் என்றது. 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை ஏற்றது.

இந்த அறிவுரைகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு மேல்முறையீட்டு விதியே காரணம். ஜூரி வழக்கில் செஷன்ஸ் நீதிபதி தீர்ப்புரை எழுத வேண்டியதில்லை. ஜூரியிடம் பேசியதன் தலைப்புகளைக் குறித்து வைத்தால் போதும். ஜூரி ஏன் அப்படி முடிவு செய்தது என்று கேட்க வழியில்லை. அவர்கள் காரணம் சொல்வதில்லை. மேல்முறையீடு சட்டப் பிரச்சினையில் மட்டுமே. நீதிபதியின் தவறான அறிவுரையால் ஜூரி தவறியது என்று காட்டினாலொழிய ஐகோர்ட் அந்த முடிவில் கை வைக்கக்கூடாது என்றது நடைமுறைச் சட்டத்தின் 423ஆம் பிரிவு. ஆகவே தண்டனை பெற்றவரின் வக்கீல் ஜூரியை விட்டுவிட்டு நீதிபதியின் பேச்சைத் துருவினார்: எதைச் சொல்லாமல் விட்டார், எதை மாற்றிச் சொன்னார். இப்படித் துருவித் துருவித்தான் சாட்சியச் சட்டத்தின் பெரும்பகுதி தீர்ப்புகளில் ஏறியது. ஜில்லாவில் இன்னொரு வழியும் இருந்தது. ஜூரியின் முடிவை ஏற்க முடியாத நீதிபதி, 307ஆம் பிரிவின்படி வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பட்டணத்து ஜூரி வழக்குகளில் தமிழர் நினைவில் நின்றது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர்மீது சதிக் குற்றச்சாட்டு வந்தது. நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஐகோர்ட் செஷன்ஸில் ஒன்பது ஜூரர்கள் கேட்டார்கள். அப்ரூவர் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே வழக்கின் மையம். 1945 மே 3 அன்று, ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று முடிவாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள், நாயுடு விடுதலையானார். ஐகோர்ட் ஜூரிக்கு அந்த ஆறுதான் குறைந்தபட்ச எண். நீதிபதியும் அதை ஏற்க வேண்டும். ஒருவர் மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

ஐகோர்ட் ஜூரியின் முடிவுக்கு மேல்முறையீடு என்பதே 1943இல் சேர்த்த 411ஏ பிரிவுக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்தப் புதிய வழியில் போட்ட மேல்முறையீடு 1945இலேயே தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் பாகவதரின் திரையுலக வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. கிருஷ்ணன் மீண்டு வந்தார்.

பம்பாயின் நானாவதி வழக்கு இதற்கு நேர்மாறு. தன் மனைவியின் காதலர் பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி விசாரிக்கப்பட்டார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது. நீதிபதி மேத்தா ஏற்க மறுத்து 307இன்படி ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆராயப்பட்டது அவருடைய பேச்சுத்தான். கைகலப்பில் தற்செயலாக வெடித்தது என்று எதிரி சொன்னால், அந்த விதிவிலக்கைக் காட்டும் சுமை சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி அவருடையது. அதை ஜூரியிடம் தெளிவாகச் சொல்லவில்லை. தற்செயல் என்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு கேட்கும் அம்சங்களையும் விளக்கவில்லை. ஐகோர்ட் தண்டித்தது, 1961 நவம்பர் 24 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய கே. சுப்பாராவ் சென்னை ஐகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். இந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று சொல்வது பழகிப்போன பேச்சு. அதற்கு முன்பே, 1958இல், சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை ஜூரியை நீக்கச் சொல்லிவிட்டது; அசெசர் முறை 1955 திருத்தத்திலேயே போய்விட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வந்ததை 1974 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய நடைமுறைச் சட்டம் முடித்து வைத்தது.

ஜூரி நிலைத்த அண்டை நாடு இலங்கை. 1811இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் காலத்தில் அங்கே தொடங்கிய முறை இன்றும் சட்டத்தில் உண்டு. உயர்நீதிமன்றத்தில் ஏழு யூரர்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரிப் பட்டியல்கள். எந்த மொழி யூரி வேண்டும் என்று எதிரி தேர்ந்தெடுக்கலாம். 2006 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்ட யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், சிங்களம் பேசும் யூரி 2016 டிசம்பரில் எதிரிகள் ஐவரையும் விடுவித்தது. சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று நீதிபதி சொல்லலாம். எடைபோடுவது யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தால் அந்த அறிவுரைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்ற கேள்வி தமிழர் தரப்பில் கடுமையாக எழுந்தது.

இந்தியாவில் அறிவுரை தீர்ப்புரைக்குள் குடியேறியது. 1951இல் ராமேஸ்வர் வழக்கில் நீதிபதி விவியன் போஸ், ஜூரியை எச்சரிக்கும் அதே விதியைத் தனியே விசாரிக்கும் நீதிபதியும் மனத்தில் கொண்டிருக்க வேண்டும், அது தீர்ப்பில் தெரியவும் வேண்டும் என்றார். 1957இல் சென்னை மாநிலத்திலிருந்து போன வடிவேலுத் தேவர் வழக்கில், உச்சநீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையானால் ஒருவரே போதும். மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரம் தேட வேண்டும். ஒரு செஷன்ஸ் நீதிபதி ஜூரியிடம் சொல்லக்கூடிய வாசகம்தான் இது. இன்று கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புகளில் இடைவிடாமல் எடுத்தாளப்படுகிறது. ஜூரி போன பிறகும், ஜூரர்கள் நீதிபதியின் அனுமதியோடு சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்ற 166ஆம் பிரிவு சாட்சியச் சட்டத்தில் வெறுமனே கிடந்தது.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நிற்கிறது. அதன் 138ஆம் பிரிவு பழைய 133ஐத் திருத்தியிருக்கிறது. வேறு ஆதாரம் இல்லாத கூட்டாளி சாட்சியத்தால் மட்டும் தண்டனை சட்டவிரோதமாகாது என்று பழைய வாசகம் இருந்தது. வேறு சாட்சியம் தாங்கும் கூட்டாளி சாட்சியத்தின் பேரில் தண்டித்தால் சட்டவிரோதமாகாது என்பது புதியது. நீதிபதிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜூரிக்கு எச்சரிக்கையாகச் சொல்லிவந்தது பிரிவின் வாசகமாகவே ஆகிவிட்டது.